பிள்ளைத்தாய்ச்சியும் பல்வலியும்



கர்ப்பிணிப் பரிசோதனை நாளன்று எங்கள் நிலையத்துக்கு வரும் தாய்மார்களுக்கு எடை பார்க்கிறோம், ரத்த அழுத்தம் பார்க்கிறோம். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோகை இருக்கிறதா என்று பார்க்கிறோம். வயிற்றைத் தொட்டு சிசுவின் வளர்ச்சியைப் பார்க்கிறோம். இதற்கெல்லாம் சங்கடப்படாத தாய்மார்கள், "வாயைத் திறம்மா, பல்லைப் பார்க்கலாம்" என்றால் மட்டும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார்கள். "பிள்ளை வயித்துல இருக்கு, நீங்க பல்லைப் பார்க்கிறீங்களே!" என்று ஒரு தாய் கேட்டார். கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பிரசுரம்.

கணவர்மார்களுக்கு ஒரு வார்த்தை. "இது பொம்பளைங்க சமாசாரம்" என்று இதை மடித்து மனைவி கையில் கொடுத்துவிட வேண்டாம். இருவரும் சேர்ந்து படியுங்கள். உங்கள் பல்லைப் பற்றியும் உள்ளே எழுதியிருக்கிறது.

நான் செய்த தவறு

1996-ஆம் வருஷம். நான் இந்த வேலைக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. ஒரு கிராமத்தில் கூட்டம் முடித்து எழுந்தபோது, ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருவர் ஓரமாக வந்து நின்றார். "நர்ஸம்மா, கீழ்க் கடைவாய்ப் பல்லு ராத்திரியெல்லாம் தெறிக்குது, தூக்கமே இல்ல" என்றார். (நான் நர்ஸ் அல்ல. ஆனால் ஊரில் எங்கள் எல்லோருக்கும் அதுதான் பெயர்.) பக்கத்தில் நின்ற மாமியார், "வயித்துல பிள்ளையை வச்சுக்கிட்டு பல்லைப் பிடுங்கலாமா? ஊசி போட்டா பிள்ளைக்கு ஆகாது" என்றார். எனக்கும் அப்போது அந்த அபிப்பிராயம்தான். "பிரசவம் ஆகட்டும்மா, அப்புறம் பார்த்துக்கலாம். உப்புத் தண்ணியில கொப்புளி" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

ஏழாம் மாதத்தில் அந்தப் பெண்ணுக்குத் தாடை வீங்கிற்று. வீக்கம் கழுத்துக்கு இறங்கிற்று. வாய் ஒரு விரல்கூட நுழையாதபடி இறுகிவிட்டது, நல்ல காய்ச்சல். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய், கழுத்தைக் கீறிச் சீழை வடித்து, சிரைவழி மருந்து ஏற்றி உயிரைக் காப்பாற்றினார்கள். இரண்டு வாரம் கட்டிலில் கிடந்தார். ஒன்பதாம் மாதம் பிறப்பதற்கு முன்பே பிரசவ வலி வந்துவிட்டது. குழந்தை இரண்டு கிலோவுக்கும் குறைவு. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். முன்கூட்டி வலி வந்ததற்குப் பல்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஐந்தாம் மாதத்திலேயே அந்தப் பல்லுக்கு வைத்தியம் பார்த்திருந்தால் கழுத்தில் கத்தி பட்டிருக்காது என்பதை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன். ஐந்தாம் மாதந்தான் பல் வைத்தியத்துக்கு எல்லாவற்றிலும் தோதான மாதம் என்பதை நான் அதற்குப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஆகவே "பிரசவம் முடியட்டும்" என்ற பேச்சை உங்கள் வீட்டில் யார் சொன்னாலும், இந்தப் பிரசுரத்தை எடுத்துக் காட்டுங்கள்.

பிள்ளை பெற்றால் பல் போகுமா?

"ரெண்டு பிள்ளை பெத்தேன், ரெண்டு பல்லு போச்சு. பிள்ளை என் சுண்ணாம்புச் சத்தை எல்லாம் உறிஞ்சிடுச்சு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பல் போனது மெய்தான். சொல்லும் காரணம் மெய்யல்ல. பல் ஒருமுறை உருவாகி முடிந்த பிறகு, அதிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து எடுக்க உடம்புக்கு வழியில்லை. சிசுவின் எலும்புக்கு வேண்டிய சத்து, தாய் சாப்பிடும் ஆகாரத்திலிருந்து போகிறது. அது போதாவிட்டால் தாயின் எலும்பிலிருந்து போகிறது. அதற்காகத்தான் நான்காம் மாதத்திலிருந்து கால்சியம் மாத்திரை தினமும் இரண்டு வேளை தருகிறோம். கேழ்வரகைக் கூழாகவோ களியாகவோ அடையாகவோ தினமும் ஒரு வேளை சேர்த்துக்கொள்ளுங்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் அது மிகச் சொற்பம். கால்சியம் மாத்திரையையும் இரும்புச் சத்து மாத்திரையையும் ஒரே நேரத்தில் விழுங்க வேண்டாம். ஒன்று மற்றொன்றை உடம்பில் சேரவிடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

பிறகு ஏன் பல் போகிறது? மசக்கையில் பல்பொடி வாசனையே குமட்டுகிறது, அதனால் பல் தேய்ப்பது பேருக்குத்தான் நடக்கிறது. பசி நேரத்துக்கு வருவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க எதையாவது கொறிக்கிறோம். புளிப்பும் இனிப்பும் அதிகம் கேட்கிறது. இது போதாதென்று வாந்தி. வயிற்றிலிருந்து மேலே வருவது வெறும் சாப்பாடு அல்ல, அதில் அமிலம் இருக்கிறது. அந்த அமிலம் பல்லின் மேல் பூச்சை இளக்கிவிடும்.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். வாந்தி எடுத்த கையோடு, வாய் நாறுகிறதே என்று பிரஷ்ஷை எடுத்து அழுத்தித் தேய்க்கிறார்கள். அமிலத்தில் இளகி இருக்கும் பூச்சு அப்போது சுலபமாகத் தேய்ந்துபோகும். வாந்தி வந்தால் முதலில் நல்ல தண்ணீரில் கொப்புளியுங்கள். ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ஆப்பசோடா கலந்து கொப்புளித்தால் இன்னும் நல்லது. விழுங்க வேண்டாம், துப்பிவிடுங்கள். அரை மணி, ஒரு மணி நேரம் கழித்துப் பல் தேயுங்கள். காலையில் குமட்டல் அதிகமென்றால் மத்தியானம் தேயுங்கள். காலையில்தான் தேய்க்க வேண்டும் என்று பல் கேட்பதில்லை.

ஈறில் ரத்தம்

கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஈறு சிவந்து, வீங்கி, பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது. இரண்டாம் மூன்றாம் மாதத்தில் தொடங்கும், எட்டாம் மாதம்வரை கூடும், பிரசவத்துக்குப் பிறகு தணியும். கர்ப்ப காலத்தில் உடம்பில் ஊறும் சுரப்புகள் கூடுவதால் ஈறு மிருதுவாகி, சாதாரண நாளில் பொறுத்துக்கொள்ளும் அழுக்கைக்கூடப் பொறுத்துக்கொள்ளாமல் வீங்குகிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சுரப்பு மட்டும் ஈறைக் கெடுப்பதில்லை. பல்லின் அடியில் ஊத்தை படிந்திருந்தால்தான் அது வேலை செய்கிறது. ஊத்தை இல்லாத வாயில் ரத்தம் வருவது மிகக் குறைவு.

ஆனால் நம் பெண்கள் என்ன செய்கிறார்கள்? ரத்தத்தைப் பார்த்ததும் பயந்து, பிரஷ்ஷை வைத்துவிட்டு, விரலால் லேசாகத் தடவிக் கொப்புளித்துவிடுகிறார்கள். ஊத்தை இன்னும் சேர்கிறது, ரத்தம் இன்னும் வருகிறது. ரத்தம் வரும் இடத்தைத்தான் மென்மையான பிரஷ்ஷால் பொறுமையாகச் சுத்தம் செய்ய வேண்டும். வெறும் அழுக்கினால் வந்த ரத்தமென்றால் ஒன்றிரண்டு வாரத்தில் குறைந்துவிடும். குறையாவிட்டால் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

சிலருக்கு இரண்டு பல்லுக்கு நடுவில் ஈறிலிருந்து சிவப்பாக ஒரு மரு மாதிரி வளரும், தொட்டால் ரத்தம் வரும். புற்றுநோயோ என்று பயந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். இது கர்ப்ப காலத்தில் வரும் ஒரு வகை ஈறுக்கட்டி. பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தானே சுருங்கிவிடும். டாக்டரிடம் ஒருமுறை காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டில் நூல் கட்டுவதும் சுண்ணாம்பு வைப்பதும் வேண்டாம்.

ஈறு வீக்கம் கவனிக்கப்படாமல் பல வருஷம் கிடந்தால், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பையே அரித்து, பல் ஆடத் தொடங்கும். இப்படி முற்றிய ஈறு நோய் உள்ள தாய்மார்களுக்கு, 37 வாரம் நிறையுமுன் பிரசவமாவதும், 2½ கிலோவுக்குக் குறைந்த குழந்தை பிறப்பதும் அதிகமாகக் காணப்படுகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியானால் கர்ப்ப காலத்தில் ஈறுக்கு வைத்தியம் செய்தால் குறைமாதப் பிரசவம் நின்றுவிடுமா? அமெரிக்காவில் ஈறு நோய் உள்ள 823 கர்ப்பிணிகளை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். 2006-இல் முடிவு வெளியாயிற்று. வைத்தியம் செய்துகொண்டவர்களுக்கு ஈறு குணமாயிற்று, அதனால் தாய்க்கோ சிசுவுக்கோ கெடுதல் ஒன்றும் நேரவில்லை. ஆனால் குறைமாதப் பிரசவம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. புகையிலை, போஷாக்குக் குறைவு, சர்க்கரை போன்ற வேறு காரணங்களும் ஈறையும் கெடுத்து சிசுவையும் கெடுப்பதால் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறதோ என்றும் டாக்டர்கள் யோசிக்கிறார்கள்.

இதையெல்லாம் உங்களிடம் மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. கர்ப்பத்தில் பல் வைத்தியம் செய்வதால் பயமில்லை என்பது இதில் தெரிகிறது. பல வருஷமாக ஊறிய நோயை ஆறு மாதத்தில் ஈடுகட்ட முடியாது என்றும் தோன்றுகிறது. ஆகவே புதிதாக மணமானவர்களும், அடுத்த குழந்தைக்கு யோசித்திருப்பவர்களும், கருத்தடைச் சாதனத்தை எடுத்துவிடலாமா என்று கேட்க வரும்போதே பல்லையும் காட்டிவிடுங்கள். அடைக்க வேண்டியதை அடைத்து, எடுக்க வேண்டியதை எடுத்து, ஊத்தையைச் சுரண்டி நீக்கிய பிறகு கருத்தரிப்பது எவ்வளவோ மேல்.

பல் டாக்டரிடம் போக எது நல்ல மாதம்?

வலியும் வீக்கமும் சீழும் இருந்தால் எந்த மாதமும் நல்ல மாதம்தான், அன்றைக்கே போக வேண்டும். அவசரமில்லாத வேலை என்றால் நான்கு, ஐந்து, ஆறாம் மாதங்கள் வசதி. அப்போது மசக்கை தணிந்திருக்கும், வயிறும் அவ்வளவு பெரிதாகியிருக்காது. கடைசி மாதங்களில் போனால், நாற்காலியில் மல்லாந்து படுக்க வேண்டாம். கனத்த வயிறு பெரிய ரத்தக் குழாயை அழுத்தி மயக்கம் வரும். வலது இடுப்புக்கடியில் ஒரு துணிச்சுருளை வைத்து, சற்றே இடது பக்கம் சாய்ந்து படுத்துக்கொள்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

பல்லை மரக்கச் செய்யும் ஊசி பிள்ளையைத் தாக்கும் என்பது வீண் பயம். வழக்கமாகப் போடும் அந்த மருந்து கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக்கூடியதே. அவசியமானால் பல்லுக்கு எக்ஸ்ரே எடுக்கலாம். அதன் கதிர் மிகக் குறைவு, வாயை நோக்கித்தான் விழுகிறது. இவற்றைவிடப் பயப்பட வேண்டியது பெட்டிக்கடை மாத்திரைக்குத்தான். "பல்வலிக்கு ஒரு மாத்திரை குடுப்பா" என்று கணவர் வாங்கி வரும் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று வாங்கியவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. வலி மாத்திரைகளில் பாராசிட்டமால் கர்ப்பிணிகளுக்கு ஏற்றது. இபுபுரூபன், டைக்ளோபினாக் வகைகள் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு சிசுவின் சிறுநீரகத்தைத் தாக்கிப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும். கடைசி மாதங்களில் சிசுவின் இருதயத்தருகே உள்ள ரத்தக் குழாயையும் காலத்துக்கு முன்பே மூடச் செய்யும். டெட்ராசைக்ளின் என்ற மருந்து, சிசுவின் பல் உருவாகும் காலத்தில் அதில் கலந்து, பிறகு முளைக்கும் பல்லை மஞ்சளும் பழுப்புமாக்கிவிடும். பால்பல்லின் முளை வயிற்றுக்குள் இரண்டு மாதத்திற்குள்ளேயே தோன்றி, நான்காம் மாதவாக்கில் கெட்டிப்படத் தொடங்குகிறது. ஆகவே எந்த மாத்திரையானாலும், "நான் கர்ப்பமாக இருக்கிறேன், இத்தனை மாதம்" என்று சொல்லி டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் ஒரு துளி தொட்டுச் சொத்தையில் வைத்தால் அந்த நேரத்துக்கு வலி அடங்கும். அதிகமாக ஊற்றினால் ஈறு வெந்துவிடும். வலி அடங்கியது என்பதற்காக வைத்தியத்தைத் தள்ளிப்போட வேண்டாம். புகையிலைக் காம்பைச் சொருகுவது, மண்ணெண்ணெய் வைப்பது கூடவே கூடாது. கண்டங்கத்திரி விதையை நெருப்பிலிட்டுப் புகை பிடித்தால் பல்லில் உள்ள புழு கீழே விழும் என்று சந்தையில் வித்தை காட்டுவோர் உண்டு. பல்லில் புழு கிடையாது. பல்லைச் சொத்தையாக்குவது கண்ணுக்குத் தெரியாத கிருமி. அது இனிப்பைத் தின்று அமிலத்தைக் கக்குகிறது, அந்த அமிலம் பல்லைக் குடைகிறது. புகைக்கு அது விழாது.

தாடையோ கழுத்தோ வீங்குதல், காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். 108 வண்டியைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சர்க்கரையும் ஈறும்

மற்ற வியாதிகளில் வாயோடு மிக நெருங்கிய உறவு சர்க்கரை வியாதிக்கு உண்டு. இது இரண்டு பக்கமும் வெட்டுகிற உறவு. ரத்தத்தில் சர்க்கரை கூடினால் கிருமியை எதிர்க்கும் சக்தி குறைந்து, ஈறில் சீழ் பிடிக்கிறது, பல் ஆடுகிறது. ஈறில் சீழ் இருந்தால், அந்த அழற்சியே சர்க்கரையை இறங்கவிடாமல் பிடித்து வைக்கிறது. சாப்பாட்டில் ஒழுங்காக இருந்தும், மாத்திரையைக் கூட்டியும், சர்க்கரை அடங்காதவர்கள் ஒருமுறை வாயைக் காட்டிப் பாருங்கள். ஈறு நோய்க்கு முறையாக வைத்தியம் செய்தபின், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஓரளவு இறங்குவதை ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடும் அளவுக்கு இறங்கும் என்று எண்ண வேண்டாம்.

கணவர்மார்களே, உங்களுக்கான இடம் இதுதான். நாற்பது வயதுக்குள் பல் ஆடுகிறது, ஈறில் சீழ் வருகிறது, வாய் உலர்கிறது, இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து போகிறீர்கள் என்றால், பல்லை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ரத்தத்தில் சர்க்கரை பாருங்கள். பல் டாக்டரிடம் போய்த்தான் தனக்குச் சர்க்கரை இருப்பதையே தெரிந்துகொண்டவர்கள் எங்கள் வட்டாரத்தில் பலர் உண்டு.

முன்பு சர்க்கரையே இல்லாத பெண்ணுக்கும் கர்ப்பத்தில் அது வரலாம். அதற்காகத்தான் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறோம். 140-ம் அதற்கு மேலும் இருந்தால் கவனிப்பு வேண்டும். "தித்திப்புத் தண்ணி குமட்டுது" என்று பாதியைக் கொட்டிவிட்டுப் போகும் தாய்மார்கள் உண்டு, அப்படிச் செய்தால் கணக்கு பொய்யாகிவிடும். இந்தச் சர்க்கரை உள்ளவர்கள் ஈறை இரட்டிப்பு ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரசவமான ஆறாவது வாரம் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். பிறகும் வருஷா வருஷம் பார்த்துக்கொள்வது நல்லது.

இருதயம், ரத்த அழுத்தம், வலிப்பு

சிறு வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து, அதனால் இருதய வால்வு கெட்டவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். 21 நாளுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டுக்கொள்பவர்கள் இவர்கள்தான். வாய்க் கிருமி ரத்தத்தில் கலந்து அந்த வால்வில் போய் ஒட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. பல் பிடுங்குமுன், "எனக்கு இருதயக் கோளாறு உண்டு", "வால்வு மாற்றியிருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். முன்கூட்டி மருந்து கொடுக்க வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்வார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் சொல்ல வேண்டும். தானாக நிறுத்திவிட்டுப் போகக் கூடாது.

வலிப்புக்குப் பெனிடாயின் சாப்பிடுபவர்களுக்கும், ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், நிபிடிபின் சாப்பிடுபவர்களுக்கும் ஈறு தடித்துப் பல்லை மூடுவதுண்டு. பல்லைச் சுத்தமாக வைத்திருந்தால் இது குறையும். மாத்திரையை நிறுத்தினால் வலிப்பு வரும், அழுத்தம் ஏறும். கர்ப்பிணிக்கு இரண்டும் ஆபத்து. நிறுத்த வேண்டாம், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள்.

ரத்தசோகையையும் வாயில் பார்க்கலாம். உதட்டின் உட்புறமும் ஈறும் வெளுத்து, நாக்கு வழவழப்பாகி, காரம் பட்டால் எரிந்தால், இரும்புச் சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறோமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெற்றிலைத் தட்டு

இதில் எனக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் நெடுநாள் வழக்கு. வளைகாப்பில் தட்டில் வெற்றிலை பாக்கு வைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இலையோடு எனக்குச் சண்டையில்லை. சண்டை பாக்கோடும் புகையிலையோடும்தான். குமட்டலுக்கு நல்லது என்று மெல்லத் தொடங்கி, பிள்ளை பிறந்த பிறகும் விட முடியாமல் இருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். புகையிலை சேராத வெறும் பாக்கும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அறிவித்திருக்கிறது. பாக்கு கன்னத்தின் உட்புறத்தை நார் நாராக இறுக்கி, வாயைத் திறக்க முடியாமல் செய்துவிடும். புகையிலையை மென்றாலும், பொடியாக ஈறில் தேய்த்தாலும், அதன் நஞ்சு சிசுவுக்குப் போகிறது. குழந்தையின் எடை குறைகிறது, வயிற்றிலேயே இறந்துபோகவும் கூடும். புகையிலை கலந்த பல்பொடி, பற்பசைகளை மத்திய அரசு 1992-லேயே தடை செய்துவிட்டது. "அதைப் போட்டுத் தேய்ச்சாத்தான் வெளிக்குப் போகுது" என்று பழகியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மனைவி கர்ப்பமாக இருக்கும்போது கணவர் வீட்டுக்குள் பீடி பிடிப்பதும் கெடுதல்தான்.

இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளைப் படை, வாய் திறப்பில் குறைவு, இவை ஆணுக்கோ பெண்ணுக்கோ இருந்தால் உடனே காட்ட வேண்டும்.

பல் தேய்ப்பது

எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில் ஒருமுறை, இரவு படுக்குமுன் ஒருமுறை, இரண்டு நிமிஷம். இரவுதான் முக்கியம், தூங்கும்போது எச்சில் ஊறுவது குறைந்து கிருமிக்கு வசதியாகிவிடுகிறது. மென்மையான பிரஷ், புளோரைடு கலந்த பற்பசை போதும். பிரஷ் விரிந்துபோனால் மாற்றுங்கள். வீட்டுக்கு ஒரு பிரஷ் அல்ல, ஆளுக்கு ஒன்று. வேப்பங்குச்சி, ஆலங்குச்சிப் பழக்கம் உள்ளவர்கள் நன்றாக மென்று நார் மிருதுவான பிறகு தேய்க்கலாம், ஈறைக் குத்தக் கூடாது. செங்கல் பொடி, சாம்பல், அடுப்புக்கரி, மணல் வேண்டாம். பல் வெளுத்தது போலத் தெரியும், பூச்சு தேய்ந்து கூச்சம் வரும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தவர்கள், "எங்க பல்லு எவ்வளவு தேய்ச்சாலும் மஞ்சள் பழுப்பாத்தான் இருக்கு" என்பார்கள். அது அழுக்கல்ல. பல் உருவாகும் வயதில் புளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்ததால் வந்த கறை. தேய்த்துப் போகாது. அங்கே குழந்தைகளுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே குடிக்கவும் சமைக்கவும் கொடுங்கள்.

பிள்ளை பெற்ற வீட்டில், பச்சை உடம்புக்காரி பல் தேய்த்தால் பல் ஆடிப்போகும் என்று சில இடங்களில் நாற்பது நாள் பிரஷ்ஷைத் தொடவிடுவதில்லை. வெதுவெதுப்பான தண்ணீர் வைத்துத் தேய்க்கட்டும், பல் ஆடாது. பால் கொடுக்கும் தாயும் பல் வைத்தியம் செய்துகொள்ளலாம். பாலை நிறுத்த வேண்டியதில்லை.

பிறந்த பிறகு

குழந்தை பிறக்கும்போது அதன் வாயில் சொத்தைக் கிருமி இல்லை. வளர்க்கும் நம்மிடமிருந்துதான் போகிறது. தாயோ பாட்டியோ வாயில் மென்று ஊட்டுவது, ஒரே கரண்டியில் ருசி பார்த்துவிட்டுக் கொடுப்பது, இப்படி எச்சில் வழியாகப் போகிறது. தாயின் பல்லில் சொத்தை அதிகமிருந்தால் பிள்ளைக்கும் சீக்கிரம் வருகிறது. உங்கள் சொத்தையை அடைத்துக்கொள்வது இந்த வகையில் பிள்ளைக்கும் செய்யும் காரியம்.

பால் குடித்த பிறகு, சுத்தமான துணியை நனைத்து விரலில் சுற்றிக் குழந்தையின் ஈறைத் துடைத்துவிடுங்கள். ஆறாம் மாதவாக்கில் முதல் பல் முளைக்கும், இரண்டரை வயதுக்குள் இருபதும் வந்துவிடும். சர்க்கரை போட்ட பாலைப் புட்டியில் ஊற்றி, வாயில் வைத்தபடியே தூங்கவிட்டால் முன்பற்கள் வரிசையாகக் கறுத்து உதிரும். "பால்பல்லுதானே, விழுந்து முளைக்கப் போவுது" என்பார்கள். சொத்தைப் பல் வலியில் குழந்தை சரியாகச் சாப்பிடாது, எடை ஏறாது. ஆறு வயதில் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால், எதுவும் விழாமலே ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. அதையும் பால்பல் என்று நினைத்துச் சொத்தையாக விட்டுவிடுகிறோம். அது நிலைப்பல். போனால் மறுபடி வராது.

அடுத்த முறை கர்ப்பிணிப் பரிசோதனைக்கு வரும்போது, யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே வாயைத் திறந்து காட்டுங்கள். பல வட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களில் பல் டாக்டர் இருக்கிறார். எந்த நாள் வருகிறார் என்பதை உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு, தாய் சேய் நல அட்டையின் பின்புறம் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கணவரும் கூட வந்தால், அவர் பல்லையும் அப்படியே பார்த்துவிடலாம்.